வாசகர் கேள்வி: அந்தக் கிருமியைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்

போன மாதம் இந்தப் பகுதியில் ஃபேஜ் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். பாக்டீரியாவை மட்டும் தாக்கி அழிக்கிற வைரஸ்தான் ஃபேஜ், முழுப்பெயர் பாக்டீரியோஃபேஜ். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், முட்டி மாற்றோ இடுப்பு மாற்றோ செய்துகொண்டு பிறகு சீழ் பிடித்தவர்களின் வீடுகளிலிருந்து வந்தவை. அதனால் இந்த மாதப் பக்கங்கள் முழுவதும் அதற்கே. ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எலும்பு அறுவை மருத்துவர் இல்லை. மருத்துவமனை நுண்ணுயிர்க் கூடத்தில் 31 வருடம் கிருமியை வளர்த்து, அதற்குப் பெயர் சொல்லும் வேலை செய்தவள். அந்த மேசையிலிருந்து பார்த்தால் தெரிவதைத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. சர்க்கரை உண்டு. மூன்று வருடத்துக்கு முன் வலது முட்டி மாற்று செய்தோம். ஒரு வருடம் நன்றாக நடந்தார், கோயிலுக்குத் தனியாகப் போய் வந்தார். பிறகு முட்டி வீங்கி, தழும்பின் ஓரத்தில் சின்னத் துளை விழுந்து சீழ் கசிய ஆரம்பித்தது. இரண்டு முறை திறந்து கழுவிவிட்டார்கள். மாத்திரை சாப்பிடும்வரை கசிவு நிற்கிறது. நிறுத்தினால் மூன்றாவது வாரம் திரும்பி வருகிறது. இப்போது உள்ளே வைத்ததை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். “இருக்கிற காலோடயே போய்ச் சேர்றேன், என்னை விட்டுடுங்க” என்று அம்மா அழுகிறார். ஃபேஜ் ஊசி போட்டால் எடுக்காமலே காப்பாற்ற முடியுமா? – ஒரு மகள், கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மா சொன்ன அந்த வரியில் நின்றுவிட்டேன். அம்மாவிடம் யாராவது உட்கார்ந்து தெளிவாகச் சொன்னார்களா என்று தெரியவில்லை: எடுக்கப் போவது உள்ளே வைத்த உலோக மூட்டை. காலை இல்லை. மூட்டை எடுத்த இடத்தில் ஆன்டிபயாடிக் கலந்த எலும்புச் சிமென்டால் செய்த ஒரு தற்காலிகக் கட்டையை வைத்து மூடுவார்கள். ஸ்பேசர் என்பார்கள். சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள் வாக்கர் வைத்து நடக்க வேண்டியிருக்கும். கிருமி ஒழிந்தது என்று நம்பிக்கை வந்த பிறகு புது மூட்டு வைப்பார்கள். இரண்டு கட்ட மாற்று என்று இதற்குப் பெயர். கஷ்டமான காலம்தான், மறுக்கவில்லை. ஆனால் அம்மா பயப்படுவது வேறு எதையோ என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கே இதை அவரிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. மாத்திரை நிறுத்திய மூன்றாவது வாரம் கசிவு திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, நோயின் குணம் முழுவதும் அதில் இருக்கிறது. கிணற்றடியில் துவைக்கிற கல்லைப் பார்த்திருப்பீர்கள். தினமும் தண்ணீரும் சோப்பும் அதன் மேல்தான் ஓடுகின்றன, ஆனாலும் ஓரத்தில் பாசி வழுவழுவென்று இருக்கும். தேய்த்தால்தான் போகும். மூட்டின் கோபால்ட்-குரோமியப் பரப்பிலும், நடுவில் இருக்கிற பாலிஎத்திலீன் தட்டிலும் கிருமிகள் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் ஒரு பசைக்குள் குடியிருக்கின்றன. பயோஃபிலிம் என்கிறோம். உலோகத்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, எனவே நம் வெள்ளணுக்கள் ஒரு பக்கத்திலிருந்துதான் போராட முடிகிறது. பசையின் அடியில் இருக்கும் கிருமிகளோ பெருகாமல் உறங்கிக் கிடக்கின்றன. ஆன்டிபயாடிக் மருந்துகளில் பெரும்பாலானவை, பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். மாத்திரை வெளியே மிதப்பவற்றைக் கொல்கிறது, கசிவு நிற்கிறது. நிறுத்தியதும் உறங்கினவை விழிக்கின்றன.

1957-ல் லண்டனில் ஒரு சோதனை செய்தார்கள். தாமாக முன்வந்தவர்களின் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியை ஊசியால் செலுத்தினார்கள். சீழ் வைக்க பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. அதே கிருமியை ஒரு பட்டுத் தையல் நூலோடு சேர்த்து வைத்தபோது சில நூறே போதுமானதாக இருந்தது. ஒரு துண்டு நூலுக்கே இப்படி என்றால், உள்ளங்கை அளவு உலோகத்துக்கு என்ன என்று எண்ணிப் பாருங்கள். முதல் முறை மூட்டு மாற்று செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்கு இந்தத் தொற்று வருகிறது. எத்தனையோ சுத்தமாகச் செய்தும் வருகிறது. நாம் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்று உங்களை நீங்களே நோகாதீர்கள்.

ஃபேஜ் இங்கே என்ன செய்யும்? ஒரு ஸ்டெஃபிலோகாக்கஸின் குறுக்களவு சுமார் ஆயிரம் நானோமீட்டர். ஃபேஜ் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் நீளம். கிருமியின் சுவரில் தனக்கென்று உள்ள பூட்டைக் கண்டுபிடித்து உட்கார்ந்து, தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தும். கிருமி தன் வேலையை விட்டுவிட்டு ஃபேஜ் செய்ய ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் கிருமி வெடித்துப் பல பத்து புதிய ஃபேஜ்கள் வெளிவந்து அடுத்ததைத் தேடும். சில ஃபேஜ்களிடம் அந்தப் பசையையே கரைக்கிற நொதி உண்டு. துவைகல் பாசிக்குள் புகுந்து போகிற ஒன்று என்பதால்தான் மூட்டு மருத்துவர்கள் இதன் மேல் கண் வைத்திருக்கிறார்கள்.

பிரான்ஸில் லியோன் நகரத்து க்ருவா-ரூஸ் மருத்துவமனையில் பேராசிரியர் திரிஸ்தான் ஃபெர்ரியின் குழு இதில் முன்னோடி. முட்டி மாற்றுக்குப் பின் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் திரும்பத் திரும்ப வந்த மூன்று முதியவர்களுக்கு அவர்கள் செய்ததை 2020-ல் வெளியிட்டார்கள். மூட்டை எடுக்கவில்லை. ஆனால் முட்டியைத் திறந்து, கெட்ட திசுவை வழித்தெடுத்துச் சுத்தம் செய்தார்கள். நோயாளியின் கிருமியை முன்பே கூடத்தில் சோதித்துத் தேர்ந்தெடுத்த ஃபேஜ்களை மூட்டுக்குள் செலுத்தினார்கள். அதன் பிறகும் ஆன்டிபயாடிக் நீண்ட நாள் தொடர்ந்தது. அமெரிக்காவில் மேயோ கிளினிக் 2021-ல் வெளியிட்ட கதை இன்னும் உங்கள் வீட்டுக் கதைபோல இருக்கும். 62 வயது, சர்க்கரை நோயாளி, வலது முட்டியில் கிளெப்சியெல்லா என்ற கிருமி. பல அறுவைகளுக்குப் பின்னும் தீரவில்லை, காலையே எடுக்க வேண்டிய நிலை. அவருடைய கிருமிக்குப் பொருந்திய ஒரே ஒரு ஃபேஜைச் சிரை வழியாக 40 முறை கொடுத்தார்கள். கால் தப்பியது. அவரும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தவில்லை.

மூன்றாவது ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்தில் 72 வயதுக்காரர் ஒருவருக்கு முட்டியில் மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ். மூட்டுக்குள்ளும் சிரை வழியாகவும் ஃபேஜ் கொடுத்தபோது, மூன்றாவது சிரை ஊசிக்குப் பின் அவருடைய கல்லீரல் நொதிகள் ஏறிவிட்டன. நிறுத்தினார்கள், இறங்கியது. ஆக, வெறும் தண்ணீர் என்று நினைத்துப் போட்டுக்கொள்கிற மருந்து இல்லை இது. ரத்தப் பரிசோதனையோடு, கண்காணிப்போடு செய்ய வேண்டியது.

இந்த மூன்று கதையிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? எங்கேயும் ஃபேஜ் தனியாக வரவில்லை. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் ராணி அஸ்த்ரித் ராணுவ மருத்துவமனையை மையமாக வைத்து 12 நாடுகளில் செய்த முதல் 100 சிகிச்சைகளை 2024-ல் தொகுத்து வெளியிட்டார்கள். மூட்டு, எலும்பு, நுரையீரல் என்று எல்லா வகைத் தொற்றும் அதில் உண்டு. 77 சதவீதத்தில் நோய் தணிந்தது. 61 சதவீதத்தில் குறிவைத்த கிருமி ஒழிந்தது. ஆன்டிபயாடிக் கூடவே கொடுக்காதவர்களிடம் கிருமி ஒழியும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. எல்லா வழியும் அடைபட்டவர்களுக்குச் செய்த சிகிச்சைகள் இவை என்பதால் அந்த எண்கள் எனக்கு நம்பிக்கை தருகின்றன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வைத்துச் செய்த பரிசோதனை அல்ல அது. அந்த அளவுக்குத்தான் நம்பலாம்.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன். தழும்பு ஓரத்தில் துளை விழுந்து புரையோடிவிட்டது, இரண்டு முறை கழுவியும் திரும்பிவிட்டது. இந்த நிலையில் மூட்டை எடுக்கச் சொல்வது அவசர முடிவு அல்ல. உலகமெங்கும் மருத்துவர்கள் அதைத்தான் சொல்வார்கள். மூட்டு எலும்பிலிருந்து தளர்ந்திருந்தால் எந்த ஃபேஜாலும் அதை ஒட்டவைக்க முடியாது. லியோனில் மூட்டை விட்டுவைத்தது, அதை எடுத்தால் அந்த முதியவர்களின் நடையே பறிபோய்விடும் என்ற நிலையில். அம்மாவின் இதயம், எலும்பின் பலம் இவை இரண்டு அறுவையைத் தாங்குமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தாங்கும் என்றால் அந்த வழியில் போங்கள். ஃபேஜை எதிர்பார்த்து மாதங்களைக் கடத்தாதீர்கள்.

ஆனால் எந்த வழியில் போனாலும் ஒன்று வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, கிருமியின் பெயர் இல்லை.

என் சித்திக்கு இடுப்பு மாற்று செய்த ஏழாவது மாதம் காய்ச்சலும் வலியும் வந்தன. சேர்த்த இடத்தில் முதல் நாளே ஊசியில் ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டார்கள். நான்காவது நாள்தான் மூட்டு நீர் எடுத்தார்கள். கல்ச்சர், அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை, அதன் முடிவில் “வளர்ச்சி இல்லை” என்று வந்தது. வளர்ச்சி இல்லை என்றால் கிருமி இல்லை என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தேன். தொலைபேசியில் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மருந்தில் மயங்கின கிருமி தட்டில் வளராது, ஆனால் மூட்டில் இருக்கும். எந்தக் கிருமி என்று தெரியாமலே இரண்டு வருடம் மாற்றி மாற்றி மருந்து. கடைசியில் மூட்டை எடுத்தபோது ஐந்து இடத்திலிருந்து திசு அனுப்பச் சொல்லி மன்றாடினேன். நாலில் ஒரே கிருமி வளர்ந்தது, ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். நம் எல்லோருடைய தோலிலும் இருப்பது. ஒரு தட்டில் மட்டும் வந்திருந்தால் அதைத் தோலிலிருந்து ஒட்டிய அழுக்கு என்று ஒதுக்கியிருப்பார்கள். அன்றைக்குத் தெரிந்த பெயர் இரண்டு வருடம் முன்னால் தெரிந்திருந்தால் சித்தி அவ்வளவு நாள் படுத்திருக்க வேண்டாம். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. அம்மா இப்போது காய்ச்சலில் தளர்ந்து படுத்திருக்கவில்லை என்றால், மாதிரி எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா என்று கேளுங்கள். அவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தக் கூடாது. துளையில் வழிகிற சீழைப் பஞ்சில் தொட்டு அனுப்புவது போதாது. அதில் தோல் கிருமிகள் கலந்திருக்கும். மூட்டு நீரை ஊசியால் உறிஞ்சியும், அறுவையின்போது நாலைந்து இடத்துத் திசுவைத் தனித்தனிக் குப்பியிலும் அனுப்பச் சொல்லுங்கள். தட்டை இரண்டு நாளில் தூக்கிப் போடாமல் 14 நாள் வைத்திருக்கச் சொல்லுங்கள். சில கிருமிகள் மெதுவாகத்தான் எழுந்திருக்கும். கிருமி வளர்ந்ததும், அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்தக் கிருமியையே கிளிசராலில் வைத்து மைனஸ் 80 டிகிரியில் சேமிக்க முடியுமா என்று கூடத்தில் கேளுங்கள். நாங்கள் வழக்கமாக ஒரு வாரம், இரண்டு வாரத்தில் தட்டுகளை அழித்துவிடுவோம். ஃபேஜ் ஒன்றைத் தேட வேண்டிவந்தால் எந்த நாட்டுக் கூடமும் முதலில் கேட்பது, அம்மாவின் மூட்டிலிருந்து வளர்த்த அதே கிருமியைத்தான். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று பெயர் சொன்னால் போதாது. ஒரே பெயருள்ள இரண்டு கிருமிகளில் ஒன்றைக் கொல்லும் ஃபேஜ் மற்றதைத் தொடாமல் போகும்.

ரிஃபாம்பிசின் என்ற மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள். காசநோய்க்குக் கொடுக்கிறார்களே, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதேதான். உலோகத்தில் ஒட்டிய ஸ்டெஃபிலோகாக்கஸை எட்டிப் பிடிக்கிற மருந்துகளில் அது முக்கியமானது. தனியாகக் கொடுத்தால் கிருமி சில நாளிலேயே அதற்குப் பழகிவிடும். இன்னொரு மருந்தோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள். இங்கேயும் கிருமியின் பெயர் தெரிந்தால்தான் அந்த மாத்திரைக்கு வேலை.

கேள்வி: கங்கை நீர் கெடாது என்பதற்கு ஃபேஜ்தான் காரணம் என்கிறார்களே. காசியிலிருந்து கொண்டுவந்த சொம்பு எங்கள் பூஜை அறையில் இருக்கிறது. என் கணவரின் இடுப்புப் புண்ணில் அதை விடலாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

பதில்: விடாதீர்கள் அம்மா. சொம்பு பூஜை அறையிலேயே இருக்கட்டும்.

ஆனால் நீங்கள் கேள்விப்பட்டதில் வரலாறு உண்டு. எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேயர் ஆக்ராவில் இருந்து வேலை செய்தார். கங்கை, யமுனை நீரில் காலரா கிருமியைப் போட்டால் அது செத்துப்போகிறது, அதே நீரைக் கொதிக்கவைத்துவிட்டால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்று 1896-ல் எழுதினார். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. 1915-ல் லண்டனில் ஃபிரெடரிக் ட்வோர்ட்டும், 1917-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டெரெலும் தனித்தனியே ஃபேஜைக் கண்டுபிடித்தார்கள். ஃபேஜ் என்று பெயர் வைத்தவர் டெரெல். அவரே 1927-ல் காலராவுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்க்க நம் நாட்டுக்கு வந்தார். பழைய கடனைத் திருப்பிக் கொடுக்க வந்தது போல எனக்குத் தோன்றும்.

நதி நீரில் ஃபேஜ் இருப்பது உண்மைதான். கிருமி இருக்கிற இடத்தில் எல்லாம் அதைத் தின்னும் ஃபேஜ் இருக்கும், காவிரியிலும் இருக்கிறது, சாக்கடையில் இன்னும் அதிகம். ஆனால் ஃபேஜ் இருந்தால் அது தின்ன வேண்டிய கிருமியும் அதே நீரில் இருக்கும். உங்கள் கணவரின் இடுப்புப் புண்ணுக்கு அடியில் உலோகம் இருக்கிறது. அங்கே போகிற ஒவ்வொரு சொட்டும் சுத்தம் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். வாரணாசியில் காசி இந்துப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆறாத மேல் புண்களில் ஃபேஜ் தடவி ஆற்றியிருக்கிறார்கள். அது கூடத்தில் பிரித்து, வளர்த்து, வடிகட்டி, அந்த நோயாளியின் கிருமியோடு பொருத்திப் பார்த்துத் தடவியது. சொம்பிலிருந்து ஊற்றியது அல்ல.

கேள்வி: அப்பாவுக்கு முட்டியில் தொற்று. ஜார்ஜியா நாட்டில் ஃபேஜ் மருந்து குப்பியில் கிடைக்கிறது, வரவழைத்துத் தருகிறேன் என்று ஒருவர் தொலைபேசியில் பேசுகிறார். ‘எல்லாக் கிருமிக்கும் ஒரே மருந்து’ என்கிறார். வாங்கலாமா? – கோவை வாசகர்

பதில்: அவர் சொன்ன கடைசி வாக்கியத்திலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது. எல்லாக் கிருமிக்கும் ஒரே ஃபேஜ் என்று ஒன்று கிடையாது. வாங்காதீர்கள்.

ஜார்ஜியாவைக் குறைத்துச் சொல்லவில்லை. திபிலிசி நகரத்தில் 1923-ல் ஜார்ஜ் எலியாவா தொடங்கிய நிறுவனம் இன்றும் இருக்கிறது. மேற்கு நாடுகள் பென்சிலின் வந்ததும் ஃபேஜை மறந்துவிட்டன, அவர்கள் மறக்கவில்லை. எலியாவாவை 1937-ல் ஸ்டாலின் ஆட்சி கொன்றது. அவருடைய கூடம் மட்டும் தொடர்ந்து இயங்கியது. அந்த மனிதரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அங்கே பல ஃபேஜ்களைச் சேர்த்த கலவைக் குப்பிகள் உண்டு: சீழ்ப் புண்ணுக்கு ஒன்று, குடல் தொற்றுக்கு ஒன்று. குடிக்கவும் புண்ணில் இடவும் அவை பயன்படுகின்றன.

முட்டிக்குள் இருக்கும் உலோகத்துக்கு அந்தக் குப்பியைக் குடிப்பதால் எட்டும் என்று நான் நம்பவில்லை. ஃபேஜ் கிருமியைத் தொட்டால்தான் வேலை செய்யும். எனவேதான் லியோனில் முட்டியைத் திறந்து உள்ளே விட்டார்கள். அப்பாவை அங்கேயே அழைத்துப் போவதானாலும், மூட்டைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை மருத்துவர் யார், கிருமியை ஃபேஜோடு பொருத்திப் பார்த்த முடிவு எங்கே, ஊர் திரும்பிய பின் யார் பார்ப்பார்கள் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு பயணச்சீட்டு எடுங்கள். பெல்ஜியத்தில் மருத்துவர் சீட்டு எழுதினால் அந்த நோயாளிக்கென்றே ஃபேஜைத் தயாரித்துத் தரச் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வேறு வழியில்லாத நோயாளிக்கு ஒவ்வொருவராக அனுமதி வாங்குகிறார்கள். இரண்டு இடத்திலும் விண்ணப்பிப்பது மருத்துவர்தான். தொலைபேசியில் விற்பவர் அல்ல.

கேள்வி: வைரஸை உடம்புக்குள் செலுத்துவது என்றாலே நடுக்கமாக இருக்கிறது. கொரோனாவைப் பார்த்த பிறகுமா? – வேலூர் வாசகி

பதில்: உங்கள் நடுக்கம் எனக்குப் புரிகிறது. ஃபேஜின் பூட்டு பாக்டீரியாவின் சுவரில் இருக்கிறது, மனித செல்லில் அது கிடையாது. இந்த நிமிடம் உங்கள் குடலிலும் என் குடலிலும் கோடிக்கணக்கில் ஃபேஜ்கள் இருக்கின்றன. பயப்பட வேண்டியது வேறு. ஃபேஜைப் பாக்டீரியாவில்தான் வளர்க்க முடியும். அது வெடித்துச் சிதறிய துண்டுகளை, முக்கியமாகச் சில கிருமிகளின் சுவரில் இருக்கிற எண்டோடாக்ஸின் என்ற நச்சை, முழுக்கப் பிரித்தெடுக்காமல் சிரையில் ஏற்றினால் காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் வரும். இன்னொன்று, வாரக்கணக்கில் கொடுத்தால் நம் உடம்பே ஃபேஜுக்கு எதிராக ஆன்டிபாடி செய்து அதைச் செயலிழக்க வைக்கலாம். கிருமியும் பூட்டை மாற்றிக்கொண்டு தப்பிக்கும். எனவேதான் இரண்டு மூன்று ஃபேஜ்களைச் சேர்த்துக் கொடுப்பது.

கேள்வி: மூட்டுத் தொற்றுக்கு அறுவை முடிந்து 12 வாரம் மாத்திரை என்றார்கள். ஆறு வாரத்திலேயே சரியாகிவிட்டது போல இருக்கிறது. நிறுத்திவிடலாமா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: வேண்டாம். பிரான்ஸில் இதையே சோதித்து 2021-ல் முடிவு சொன்னார்கள். ஆறு வாரம் மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 18 பேருக்குத் தொற்று தீரவில்லை. 12 வாரம் சாப்பிட்டவர்களில் 9 பேருக்கு. சரியாகிவிட்டது போல இருப்பது பாதி வழி. வயிறு எரிகிறது, பசி இல்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள், நாளைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: நான் நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஃபேஜைக் கண்ணால் பார்க்க முடியுமா? எங்கள் கல்லூரியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லை. – திருநெல்வேலி

பதில்: வேண்டியதில்லை கண்ணா. நான் முதலில் பார்த்ததும் வெறும் கண்ணால்தான். எங்கள் பேராசிரியை, விடுதிக்குப் பின்னால் ஓடிய சாக்கடையிலிருந்து ஒரு குப்பி எடுத்துவரச் சொன்னார். முகம் சுளித்துக்கொண்டே போனேன்.

உன் ஆசிரியர் கூட இருக்கும்போது மட்டும் செய். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் நோய் தராத கூடத்து வகை ஒன்றை அவர் தருவார், கையுறை போட்டுக்கொள். சாக்கடை நீரைச் சுழற்றி, 0.2 மைக்ரான் வடிகட்டியில் விடு. பாக்டீரியா மேலே நின்றுவிடும், ஃபேஜ் மட்டும் இறங்கும். அந்தத் தெளிந்த நீரில் பல அளவு நீர்த்தல் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளியை வளரும் ஈ.கோலையோடு கலந்து, இளஞ்சூட்டில் இருக்கிற தளர்ந்த அகாரில் (கிருமி வளர்க்கும் கூழ்) விட்டுத் தட்டில் பரப்பு. 37 டிகிரியில் ஓர் இரவு. ஒரு நோயாளியின் கிருமிக்குப் பொருந்தும் ஃபேஜைத் தேடுவதும் அடிப்படையில் இப்படித்தான். உன் தட்டில் இருப்பது ஈ.கோலை, அங்கே தட்டில் இருப்பது அந்த நோயாளியிடமிருந்து எடுத்த கிருமி.

காலையில் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஈ.கோலை மங்கலான பால் நிறத்தில் தட்டு முழுக்கப் படர்ந்திருக்கும். நடுநடுவே கடுகு அளவில் வட்ட வட்டமாக, கண்ணாடி போலத் தெளிந்த துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரே ஒரு ஃபேஜில் தொடங்கியது. எண்ணி எனக்கு எழுது.